கூரை ஜெருசலேமில், சுவர்கள் மட்டாஞ்சேரியில்

கொச்சித் துறைமுகத்தை அண்டிய மட்டாஞ்சேரிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் பரதேசி ஜெப ஆலயத்தைக் காணாது திரும்புவதில்லை. 1568 இல் அமைக்கப்பட்ட அவ்வாலயத்தின் மணிக்கூட்டுக் கோபுரமும் சீனத்து நீலவண்ணத் தரையோடுகளும் பலரும் அறிந்தவை. ஆனால், அதே யூதர் குடியிருப்பில், அதனிலும் 24 ஆண்டுகள் மூத்ததான கடவும்பாகம் ஜெப ஆலயத்தை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. கடவு என்பது தோணித்துறை. துறைப்பக்கத்து ஆலயம் என்பதே பெயரின் பொருள்.

இவ்விரு ஆலயங்களும் ஒரே மதத்தவருக்குரியவை எனினும் ஒரே சமூகத்தவருக்குரியவை அல்ல. மலபார் யூதர்கள் இம்மண்ணில் மிகப் பழையவர்கள். கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் முசிறியில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு வழங்கிய வட்டெழுத்துச் செப்பேடு அவர்தம் தொன்மைக்குச் சான்று. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து பிற்காலத்தில் வந்தோரே பரதேசிகள். எனினும் வந்தவர்கள், இருந்தவர்களைக் 'கறுப்பு யூதர்' என ஒதுக்கித் தமது சபையில் சம உறுப்பினராக ஏற்க மறுத்தனர். சாதிப் பாகுபாடு மதம் பார்த்து நுழைவதில்லை போலும்!

1948 இல் இஸ்ரேல் உருவானதைத் தொடர்ந்து மலபார் யூதர்கள் பெருமளவில் அங்கு குடியேறினர். 1955 இல் கடவும்பாகத்தில் வழிபாடு நின்றது. கட்டடம் தனியார் வசமாகிக் களஞ்சியமாயிற்று. 1990களில் அதன் செதுக்குவேலைப்பாடு மிக்க மரக்கூரை உள்ளிட்ட உட்பகுதி ஜெருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் மீள அமைக்கப்பட்டது. கேரளத்துக் கோயில் தச்சரின் கைவண்ணத்தை நினைவூட்டும் அக்கூரையை இன்று அங்குதான் காணலாம். அது காப்பாற்றப்பட்டமை நன்றே. ஆனால், உள்ளீட்டை இழந்த கட்டடத்தைப் பேணுவார் எவரும் அப்போது இருக்கவில்லை. 2019 செப்டெம்பர் மழையில் அதன் முகப்பு இடிந்து வீழ்ந்தது.

உரியவர்கள் வெளியேறியமையால் கட்டடம் அழிந்தது என்று சமாதானம் கூறுவது எளிது. வாவிக்கு அப்பால் எர்ணாகுளத்தில் இதே பெயருடைய மற்றோர் ஆலயம் உண்டு. வழிபாடு நின்ற பின்னர், அங்கேயே தங்கிவிட்ட யூதர் ஒருவர் அதன் முன்பகுதியில் செடிகளும் வண்ண மீன்களும் விற்றவாறு பல தசாப்தங்களாக அதனைப் பராமரித்து வந்தார். பின்னர் திருத்தியமைக்கப்பட்ட அவ்வாலயத்துக்கு 2018 இல் தோரா சுருள் மீண்டும் கொண்டுவரப்பட்டது.