செல்லப்பிராணிக்குப் புதிய இல்லம் தேடுதல்

செல்லப்பிராணிக்குப் புதிய இல்லம் தேடுதல் என்பது, தொடர்ந்து வளர்க்க இயலாத நாய், பூனை போன்றவற்றைப் பொறுப்பான வேறொருவரிடம் ஒப்படைப்பதாகும். வீடு மாறுதல், நோய், முதுமை, உரிமையாளரின் மறைவு ஆகியவை இதற்குப் பொதுவான காரணங்கள்.

சட்டம்

பசியாலோ தாகத்தாலோ துன்புறும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11இன்படி குற்றமாகும். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் இரை தேடவும், அங்குள்ள நாய்களைச் சமாளிக்கவும் தெரியாது. பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வளர்ப்பதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் (1972) தடை செய்கிறது. எனவே அவற்றைப் பிறருக்குக் கொடுக்காமல் வனத்துறையிடமே ஒப்படைக்க வேண்டும்.

வழிமுறை

விலங்கை ஏற்கெனவே அறிந்த உறவினர், அண்டை வீட்டாரிடம் முதலில் கேட்பது நல்லது. காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவரிடமும் விசாரிக்கலாம். ஏற்பவரின் வீட்டை நேரில் பார்க்க வேண்டும். இராசபாளையம் போன்ற பெரிய நாய்க்கு ஓடியாட இடம் தேவை. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றைக் கொடுத்து, உணவுப் பழக்கத்தையும், கடிக்கும் குணம் இருந்தால் அதையும் மறைக்காமல் கூற வேண்டும். பூனை பழைய வீட்டைத் தேடிச் செல்லக்கூடும் என்பதால், சில வாரங்கள் வெளியே விடாமல் பழக்குவர்.

யாரும் கிடைக்காதபோது, 1959இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் போன்ற அமைப்புகளை அணுகலாம்.