ஓர் ஓசையும் மூன்று செவிகளும்

கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே 50 கிலோமீற்றருக்கு மேலாக நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியில், நிறைநிலாக் காலத்து இரவொன்றிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீருள் இறக்கி, அதன் மேல்முனையைக் காதோடு பொருத்திக் கேட்போருக்கு மெல்லிய இசை கேட்கும் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. மீன்பாடும் தேனாடு என்று அந்நாட்டார் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்கும் அதுவே காரணம். பாடுவது மீனா, ஊரி என்னும் நீர்நத்தையா, வேறொன்றா என்ற விவாதத்தை விலங்கியல் அறிஞரிடம் விட்டுவிட்டு, கேட்பவனுடைய மனத்தில் என்ன நிகழ்கிறது என்று வினவுவோமாயின், மனோதத்துவ சாஸ்திரத்தின் பாலபாடங்கள் சிலவற்றை இவ்வாவியிடமே கற்றுக்கொள்ளலாம்.

முதற்பாடம் புலனுணர்ச்சி பற்றியது. நீருள் எழும் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்திற் செல்லும். எனினும் நீர்மட்டத்தைக் கடந்து காற்றில் ஏறுவது அதில் மிகச் சிறு கூறே, எஞ்சியதெல்லாம் மேற்பரப்பில் மோதித் திரும்பிவிடும். ஆதலால் வெறுங்காதுக்கு எட்டாத அதிர்வைத் துடுப்பின் மரம் நேரே செவிக்குக் கொணர்ந்து சேர்க்கிறது. எவ்வளவு சிறிய தூண்டலை நமது புலன் அறியும் என்பதை அளந்து கணக்கிடலாம் என்று 1860இல் நூல் எழுதி நிறுவ முயன்றவர் ஜெர்மானிய அறிஞர் ஃபெக்னர். அவர் வகுத்த வழியில் ஆராய்ந்தோர் கண்ட உண்மை யாதெனில், கேட்பதற்கும் கேளாமைக்கும் இடையே திட்டமான கோடு எதுவும் இல்லை என்பதே. ஒரே அளவான மெல்லொலியை ஒருவன் ஒருமுறை கேட்கிறான், மறுமுறை கேட்கத் தவறுகிறான். ஆகையால், இரண்டில் ஒருமுறை கேட்கும் அளவையே உணர்ச்சியின் எல்லை என்று கொள்வது வழக்கமாயிற்று.

ஆனால் செவியில் வந்து சேர்வது அதிர்வு மாத்திரமே. அதை இன்னதென்று அறிவது மனத்தின் தொழில். இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனன்ற் 1848இல் இவ்வாவியிற் சென்று அவ்வோசையைக் கேட்டு, ஈரவிரலால் தேய்க்கப்பட்ட மதுக்கிண்ணத்தின் விளிம்பு எழுப்பும் மெல்லதிர்வுக்கு அதனை ஒப்பிட்டார். அவருக்குத் தோணி வலித்த மீனவர்களோ, அது ஊரியின் குரல் என்றனர். காரைதீவில் 1892இல் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்று, பண்டைத் தமிழிசையின் ஆராய்ச்சிக்குப் பல ஆண்டுகளை அர்ப்பணித்த விபுலானந்த அடிகளாரோ, 1947இல் வெளிவந்த தமது யாழ்நூலில், நீரரமகளிர் ஏழு சுரங்களையும் இசைக்கும் பாடலாகவே அதனைக் கற்பனை செய்தார். வாவி ஒன்று, ஓசையும் ஒன்று; ஐரோப்பியப் பிரபுவுக்கு அது விருந்து மேசையையும், மீனவனுக்குத் தன் வலையில் நாள்தோறும் ஏறிவரும் உயிரையும், இசைப் புலவருக்கு யாழின் நரம்பையும் நினைவூட்டியது.

இம்மூவரில் எவரையும் பிரமை கொண்டவர் என்று சொல்ல இயலாது. புலன்கள் தருவது குறைவான சான்று. அதனைப் பழைய அனுபவத்தைக் கொண்டு நிரப்பி, நாம் அறியாமலே ஒரு முடிவுக்கு வருகிறோம் என்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கினார். டென்மார்க்கைச் சேர்ந்த எட்கர் ரூபின் 1915இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே சித்திரம் ஒருகணம் பூச்சாடியாகவும் மறுகணம் எதிரெதிரே நோக்கும் இரு முகங்களாகவும் தோன்றுவதைக் காட்டி, எதை உருவாகவும் எதைப் பின்புலமாகவும் கொள்வது என்பதை மனமே வகுக்கிறது என்று நிறுவினார். காற்றின் இரைச்சலும் அலையின் சலசலப்பும் பாலத்து வாகனங்களின் ஒலியும் கலந்து வரும் வேளையில், பாட்டை எதிர்பார்த்துக் காத்திருப்பவனுக்குப் பாட்டே உருவாகி, மற்றவையெல்லாம் பின்புலமாக ஒதுங்கிவிடுகின்றன. இவ்வாறு புலன் தந்ததை மனம் வகைப்படுத்திப் பொருள் கொள்வதையே புலக்காட்சி என்பர்.

எதிர்பார்ப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, ராடார்த் திரையிலே தோன்றும் மங்கலான புள்ளி பகைவிமானமா, வெறும் குழப்பமா என்று தீர்மானிக்கவேண்டிய நெருக்கடியிலிருந்து வளர்ந்த சமிக்ஞை இனங்காணற் கொள்கை, 1950களில் உளவியலுக்குள் வந்தது. ஒருவன் ‘கேட்டது’ என்று சொல்வது செவியின் கூர்மையை மாத்திரம் பொறுத்ததன்று. தவறவிட்டால் வரும் நஷ்டம் எவ்வளவு என்று அவன் மனம் போடும் கணக்கையும் பொறுத்தது என்பதே அதன் சாரம். இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலத்து இரவுகளில், நாய் குரைத்தாலே வீட்டார் அனைவரும் விழித்தெழுந்தார்கள் என்றால், அது கோழைத்தனமன்று. பத்துமுறை வீணாக எழுவதினும் ஒருமுறை எழத் தவறுவதே பெருங்கேடாக இருந்த காலத்தில், மனம் கற்றுக்கொண்ட விவேகம் அது.

இங்கேதான் கற்றல் பற்றிய பாடம் குறுக்கிடுகிறது. உணவு தரும் வேளையில் ஓர் ஒலியையும் தொடர்ந்து எழுப்பிவந்தால், பின்னர் அவ்வொலி ஒன்றுக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் கண்டறிந்ததை நிபந்தனைப்படுத்தல் என்பர். அச்சமும் இவ்வாறே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பல நாட் பயிற்சியும் வேண்டுவதில்லை, ஒருநாளே போதும். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி, வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டில் அமைந்த நாவலடியையும் அதனை அடுத்த கல்லடிக் கரையையும் கடற்கோள் வாரிச் சென்றபோது, பிறந்தநாள் முதல் தாலாட்டாக இருந்த கடலின் இரைச்சல் மரணத்தின் அறிவிப்பாக மாறிவிட்டது. அன்று தப்பியவர் ஒருவர் பின்னர் அலையோசை கேட்டு நடுங்குவாராயின், அவருடைய அறிவு, ஆபத்து நீங்கிவிட்டது என்று அறிந்தே இருக்கும். ஆனால் உடம்பு கற்ற பாடம் அறிவின் கட்டளைக்கு எளிதில் இணங்குவதன்று.

கற்றதை மாற்றிக் கற்கவும் வழி உண்டு. அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் 1924இல் வெளியிட்ட ஆய்வொன்றில், முயலைக் கண்டு அலறிய பீற்றர் என்னும் மூன்று வயதும் நிரம்பாத சிறுவனுக்கு, விருப்பமான உணவை உண்ணக் கொடுத்துக்கொண்டே, கூண்டிலிருந்த முயலைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். ஈற்றில் முயல் தன் விரலைக் கொறிப்பதற்கும் அவன் இடங்கொடுத்தான். இதிலே கவனிக்கவேண்டியவை இரண்டு: அடி அடியாக நெருங்கியமை ஒன்று, ஒவ்வோர் அடியிலும் குழந்தை பாதுகாப்பாக உணர்ந்தமை மற்றொன்று. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரினால் நொந்த தமிழ், முஸ்லிம் குழந்தைகளைக் களிமண்ணும் வர்ணமும் கதையும் நாடகமும் கொண்டு மீட்டெடுக்க முயன்றோர், வேறொரு வழியிற் சென்றவராயினும், அந்த இரண்டாவது உண்மையை நன்கு உணர்ந்தவர்களே. நடந்ததைச் சொல் என்று குழந்தையை வற்புறுத்துவதினும், அஞ்சாமல் விளையாட ஓரிடம் அமைத்துக் கொடுப்பதே முற்பட வேண்டுவது.

ஆகவே, அஞ்சுகின்ற ஒருவரிடம் ‘அது ஒன்றுமில்லை, வெறும் சத்தந்தான்’ என்று சொல்லி நகையாதீர்கள். உங்கள் செவிக்கு வந்த ஓசைதான் அவர் செவிக்கும் வந்தது. அதனோடு ஒட்டியிருக்கும் அனுபவமோ வேறு. கரைக்கு வர அவர் தயங்கினால் இழுத்துச் செல்லாமல், அவர் நிற்கும் இடத்திலேயே உடன்நின்று, அவருடைய வேகத்திலேயே ஓரடி எடுத்துவையுங்கள். அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, உறக்கத்தையும் தொழிலையும் கெடுக்குமாயின், வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கோ பயிற்சி பெற்ற உளவளத்துணையாளரிடமோ அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து கேட்பதில் இல்லாத வெட்கம் இதிலும் வேண்டுவதில்லை.