காவல் அதிகாரியின் பேட்டி சாட்சியமாகுமா? கொல்கத்தா லால்பஜார் வழக்கு உணர்த்துவது என்ன?

கொல்கத்தா: சர்ச்சைக்குரிய காவல் துறை அதிகாரி ஒருவர் பத்திரிகைக்குப் பேட்டி அளிக்கும்போதும், ஓய்வுக்குப் பின் நினைவுக் குறிப்பு எழுதும்போதும் இருவேறு எதிர்வினைகள் எழுவது வழக்கம். கடினமான காலத்தில் சட்டம் ஒழுங்கைக் காத்தவர் என ஒரு தரப்பு பாராட்டும். அவருடைய விசாரணை அறையில் என்ன நடந்தது என்று மறுதரப்பு கேள்வி எழுப்பும். அவர் அளித்த பேட்டிக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு, அதில் அவர் ஒப்புக்கொள்ளும் செயல்களுக்காக வழக்குத் தொடர முடியுமா, பாதிக்கப்பட்டவர்களுக்கு என்ன வழி உள்ளது ஆகிய கேள்விகள் அந்த விவாதத்தில் பெரும்பாலும் பின்தங்கிவிடுகின்றன.

இக்கேள்விகளுக்கு விடை தேடுவோருக்கு கொல்கத்தா காவல் துறையின் தலைமையகமான லால்பஜாரில் தொடங்கிய அர்ச்சனா குஹா வழக்கு முக்கியமான சான்றாக உள்ளது.

லால்பஜாரில் நடந்தது என்ன?

மேற்கு வங்கத்தின் டார்ஜிலிங் மாவட்டத்தில் உள்ள நக்சல்பாரியில் 1967-ஆம் ஆண்டு தொடங்கிய உழவர் கிளர்ச்சி, சில ஆண்டுகளில் கொல்கத்தா நகருக்குள்ளும் பரவியது. காவலர்களும் அரசியல் கட்சித் தொண்டர்களும் கொல்லப்பட்டனர். அதை ஒடுக்க எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் ஏராளமான இளைஞர்கள் உயிரிழந்தனர். இயக்கத்தின் தலைவர் சாரு மஜூம்தார் 1972-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கொல்கத்தாவில் கைது செய்யப்பட்டு, 12 நாள்களில் காவலில் இருந்தபோதே உயிரிழந்தார்.

அக்காலத்தில் துப்பறியும் துறையில் பணியாற்றிய ருணு குஹ நியோகி, நக்சல் எதிர்ப்பு நடவடிக்கைகளால் பெயர் பெற்றவர். 1974-ஆம் ஆண்டு ஜூலையில், சௌமேன் குஹா என்பவரைத் தேடி வந்த காவல் துறையினர், அவர் கிடைக்காத நிலையில் அவருடைய சகோதரியும் பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியருமான அர்ச்சனா குஹாவைக் கைது செய்தனர். சௌமேனின் மனைவி லதிகாவும், குடும்பத்துக்கு அறிமுகமான மற்றொரு பெண்ணும் உடன் கைது செய்யப்பட்டனர்.

லால்பஜாரில் தம்மைக் கட்டித் தொங்கவிட்டு உள்ளங்கால்களில் அடித்ததாகவும், சிகரெட்டால் சுட்டதாகவும் அர்ச்சனா குஹா பின்னர் புகார் அளித்தார். உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டமான மிசாவின் கீழ் அவர் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டார். 1977-ஆம் ஆண்டு விடுதலையானபோது அவருடைய இடுப்புக்குக் கீழ் செயலிழந்திருந்தது. பன்னாட்டு மன்னிப்பு அவையின் உதவியுடன் 1980-ஆம் ஆண்டு டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, அங்கு பெற்ற சிகிச்சைக்குப் பின்னரே அவரால் மீண்டும் நடக்க முடிந்தது.

தீர்ப்புக்கு 19 ஆண்டுகள்

விடுதலையான ஆண்டிலேயே ருணு குஹ நியோகி, சந்தோஷ் டே உள்ளிட்ட காவல் துறையினர் மீது அர்ச்சனா குஹா வழக்குத் தொடர்ந்தார். அதே ஆண்டில் மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. முந்தைய ஆட்சியின் காவல் துறை அத்துமீறல்களைக் கடுமையாக எதிர்த்து வந்த கட்சிகளின் ஆட்சியிலும், குற்றச்சாட்டுக்கு உள்ளான ருணு குஹ நியோகி பதவி உயர்வுகள் பெற்றார். இது மனித உரிமை அமைப்புகளின் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது.

விசாரணை நீதிமன்றத்தின் ஒவ்வோர் இடைக்கால உத்தரவும் மேல் நீதிமன்றங்களில் எதிர்க்கப்பட்டதால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பின்னர் அந்தத் தாமதத்தையே காரணமாகக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கோரும் நிலையும் ஏற்பட்டது. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. வசதியும் விருப்பமும் உள்ள குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒருவர் குற்ற வழக்கைப் பல பத்தாண்டுகள் முடக்கிவிட முடிகிறது என்று 1994-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்சநீதிமன்றம் வேதனை தெரிவித்தது.

1996-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கொல்கத்தா பெருநகரக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ருணு குஹ நியோகியும் சந்தோஷ் டேயும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்து ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. கைது நடந்து 22 ஆண்டுகளும், வழக்குத் தொடர்ந்து 19 ஆண்டுகளும் அப்போது கடந்திருந்தன.

ருணு குஹ நியோகி தமது பணிக்கால அனுபவங்களை ‘சாதா ஆமி காலோ ஆமி’ என்ற தலைப்பில் வங்க மொழியில் நூலாக எழுதினார். ‘வெள்ளை நான், கருப்பு நான்’ என்பது அதன் பொருள். அதிகாரியின் தரப்பு நூலாகப் பதிவானது; அர்ச்சனா குஹாவின் தரப்பு மருத்துவ ஆவணங்களிலும் நீதிமன்றச் சாட்சியத்திலும் பதிவானது. நடந்ததை அறிய விரும்புவோர் இரண்டையும் பார்க்க வேண்டியுள்ளது. இவற்றில் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டது நீதிமன்றச் சாட்சியம் மட்டுமே.

பேட்டி அளிக்க அதிகாரிக்கு உரிமை உண்டா?

பணியில் உள்ள ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு 1968-ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகள் பொருந்தும். கடமையின் பகுதியாக ஊடகங்களிடம் பேச அவர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ பாதகமாக விமர்சிக்கக் கூடாது. அலுவல் சார்ந்த தகவல்களை அனுமதியின்றி வெளியிடக் கூடாது. அந்தந்த மாநிலங்களின் நடத்தை விதிகள் பிற நிலைக் காவலர்களைக் கட்டுப்படுத்துகின்றன.

ஓய்வுபெற்றவர்களுக்குக் கட்டுப்பாடுகள் குறைவு. எனினும் 1923-ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் ஓய்வுக்குப் பின்னும் பொருந்தும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றியவர்கள், தங்கள் அமைப்பின் பணி தொடர்பாக எழுத முன் அனுமதி பெற வேண்டும் என மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஓய்வூதிய விதிகளைத் திருத்தியது.

இவ்விதிகள் அரசின் இரகசியத்தையும் நிர்வாக ஒழுங்கையும் காப்பதற்காக இயற்றப்பட்டவை. விசாரணைக் கைதி ஒருவரைப் பற்றி ஓர் அதிகாரி பேட்டியில் இழிவாகப் பேசினால், பாதிக்கப்பட்டவருக்கு இவ்விதிகள் நேரடியாகத் தீர்வு அளிப்பதில்லை. அவர் அவதூறுச் சட்டத்தை நாடலாம். தம் தரப்பு விளக்கத்தை வெளியிடுமாறு பத்திரிகையைக் கோரலாம். மறுப்பு தெரிவிக்கும் வாய்ப்பை இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறைகள் வலியுறுத்துகின்றன.

பேட்டியில் ஒப்புக்கொண்டால் வழக்குத் தொடரலாமா?

காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவாக இருந்த இந்த விதி, தற்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 23-ஆவது பிரிவில் உள்ளது. அடித்து வாங்கப்படும் வாக்குமூலங்களைத் தடுப்பதே இதன் நோக்கம்.

காவல் அதிகாரி ஒருவர் செய்தியாளரிடம் தாமாக ஒப்புக்கொள்வதை இந்தத் தடை கட்டுப்படுத்தாது. அது நீதிமன்றத்துக்கு வெளியே அளிக்கப்பட்ட ஒப்புதல் எனக் கருதப்படும். அத்தகைய ஒப்புதல் இயல்பிலேயே வலுவற்ற சாட்சியம் என்றும், அது தாமாக, உண்மையாக அளிக்கப்பட்டதா என ஆராய்வதுடன் பிற சான்றுகளின் துணையையும் நாட வேண்டும் என்றும் தமிழ்நாட்டைச் சேர்ந்த சகாதேவன் வழக்கில் 2012-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் விளக்கியது.

எனவே பேட்டியை மட்டும் வைத்துத் தண்டனை பெற்றுத் தருவது கடினம். ஆனால் மூடப்பட்ட வழக்கை மீண்டும் திறக்கப் பேட்டி போதுமானதாக இருந்துள்ளது.

கேரளமும் மணிப்பூரும்

கேரளத்தின் வயநாடு மாவட்டம் திருநெல்லி காட்டில் நக்சல் தலைவர் வர்கீஸ் 1970-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி மோதலில் கொல்லப்பட்டதாகக் காவல் துறை அறிவித்தது. அது மோதல் அல்ல, பிடிபட்டிருந்த வர்கீஸை மேலதிகாரியின் உத்தரவின்பேரில் தாமே சுட்டதாக 1998-ஆம் ஆண்டு ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் காவலர் வெளிப்படையாகத் தெரிவித்தார். இதையடுத்து, கேரள உயர்நீதிமன்ற உத்தரவுப்படி சிபிஐ விசாரணை நடத்தியது.

வழக்கு முடியும் முன்பே, 2006-இல் ராமச்சந்திரன் நாயர் இறந்துவிட்டார். எனினும் 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் முன்னாள் காவல் துறைத் தலைவர் கே.லட்சுமணாவுக்கு சிபிஐ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் நடந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. கொலை போன்ற கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பு இல்லை என்பதால் இது சாத்தியமானது. மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு மட்டுமே சட்டம் காலவரம்பு விதிக்கிறது.

மணிப்பூர் தலைநகர் இம்பாலில் 2009-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் தேதி சோங்காம் சஞ்ஜித் என்ற இளைஞர் மோதலில் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் காவல் துறை கூறியது. அன்றைய நிகழ்வில் கர்ப்பிணி ஒருவரும் உயிரிழந்தார். எதிர்ப்பின்றி நின்றிருந்த சஞ்ஜித்தைக் கமாண்டோ காவலர்கள் அழைத்துச் செல்வதைக் காட்டும் படங்களைத் தெகல்கா இதழ் வெளியிட்டதால், காவல் துறையின் விளக்கம் கேள்விக்கு உள்ளானது. ஆயுதமின்றி இருந்த அவரை மேலதிகாரியின் உத்தரவின்பேரில் சுட்டதாக 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் தலைமைக் காவலர் ஹெரோஜித் சிங் ஊடகங்களிடம் தெரிவித்தார். மணிப்பூரில் நடந்த மோதல் கொலைகள் குறித்து சிபிஐ விசாரணைக்கு 2017-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது.

இரு நிகழ்வுகளிலும் முதலில் பேசியவர்கள் கீழ்நிலைக் காவலர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தம் செயலை நியாயப்படுத்தும் பேட்டிக்கும், தம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பேட்டிக்கும் இடையிலான வேறுபாடு இங்கு தெளிவாகிறது.

செய்தித்தாளில் இருந்து சட்டத்துக்கு

காவல் நிலைய மரணங்கள் குறித்த செய்திகளுக்கு எழுந்த எதிர்வினையே நாட்டின் கைது நடைமுறையை மாற்றிய வரலாறும் கொல்கத்தாவுக்கு உண்டு. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவராக இருந்த டி.கே.பாசு, நாளிதழ்களில் வந்த காவல் மரணச் செய்திகளைச் சுட்டிக்காட்டி 1986-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் மனுவாக ஏற்கப்பட்டது.

1996-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி வெளியான தீர்ப்பில் 11 கட்டளைகள் பிறப்பிக்கப்பட்டன. கைது செய்யும் காவலர் பெயர் அடையாளம் அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் தெரிவிக்க வேண்டும். காவலில் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பன அவற்றில் சில. அர்ச்சனா குஹா வழக்கின் தீர்ப்பும் இந்தத் தீர்ப்பும் ஒரே ஆண்டில் ஆறு மாத இடைவெளியில் வெளியானவை. 1974-இல் இக்கட்டளைகள் நடைமுறையில் இருந்திருந்தால், லால்பஜாரில் நடந்ததை நிரூபிக்க அவர் 19 ஆண்டுகள் போராட வேண்டிய தேவை குறைந்திருக்கும்.

எனினும் கட்டளைகள் மட்டும் போதவில்லை என்பதைத் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020-ஆம் ஆண்டு ஜூனில் கைது செய்யப்பட்ட வணிகர் ஜெயராஜ், அவருடைய மகன் பென்னிக்ஸ் ஆகியோரின் மரணம் தமிழ்நாட்டுக்கு உணர்த்தியது.

எஞ்சியிருக்கும் இடைவெளிகள்

அரசு ஊழியர் மீது கடமை சார்ந்த செயலுக்காக வழக்குத் தொடர அரசின் முன் அனுமதி தேவை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197-ஆவது பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு, தற்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 218-ஆவது பிரிவில் உள்ளது. அனுமதிக் கோரிக்கை மீது 120 நாள்களுக்குள் முடிவெடுக்காவிட்டால் அனுமதி அளிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது புதிய சட்டத்தின் மாற்றம். போலி மோதல் கொலைகள் அலுவல் கடமை ஆகாது என நீதிமன்றங்கள் கூறியிருந்தாலும், அனுமதி தேவையா என்ற வாதத்திலேயே பல வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன.

பதவி உயர்வு குறித்தும் உச்சநீதிமன்றம் வழிகாட்டியுள்ளது. மோதல் மரணம் நிகழ்ந்தவுடன் அதில் தொடர்புடைய அதிகாரிகளுக்கு வரிசை மீறிய பதவி உயர்வோ வீரப் பதக்கமோ வழங்கக் கூடாது என 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி உத்தரவிட்டது. காவல் சித்திரவதைக் குற்றச்சாட்டுகளுக்கு இதே அளவு தெளிவான தடை இல்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி இந்தியா கையெழுத்திட்டது. ஆனால் அதற்கு இன்னும் ஒப்புறுதி அளிக்கவில்லை. சித்திரவதைத் தடுப்பு மசோதா 2010-ஆம் ஆண்டு மக்களவையில் நிறைவேறியும் சட்டமாகாமல் காலாவதியானது. ஒப்புறுதி அளிக்குமாறு சட்ட ஆணையம் 2017-ஆம் ஆண்டு தனது 273-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்து, வரைவு மசோதாவையும் இணைத்தது.

வாசகர் கவனிக்க வேண்டியவை

சர்ச்சைக்குரிய அதிகாரியின் பேட்டியைப் படிப்போர் சிலவற்றைச் சரிபார்ப்பது பயனுள்ளது. அவர் மீதான வழக்குகளின் நிலை அதில் குறிப்பிடப்பட்டுள்ளதா? அவரால் பாதிக்கப்பட்டதாகக் கூறுவோரின் தரப்பு கேட்கப்பட்டுள்ளதா? ஒருவரைக் குற்றவாளி என அவர் குறிப்பிடும்போது, அந்த நபர் மீது நீதிமன்றத் தீர்ப்பு உள்ளதா?

இதே அளவுகோல் அதிகாரிக்கும் பொருந்தும். தீர்ப்பு வரும்வரை அவரும் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே. லால்பஜார் வழக்கில் விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்ட அர்ச்சனா குஹாவுக்கு அந்த உரிமை மறுக்கப்பட்டது. தம்மைத் துன்புறுத்தியவர்களை அவர் நிறுத்தியது, அந்த உரிமையை அவர்களுக்கு உறுதி செய்த நீதிமன்றத்தின் முன்புதான்.