உங்களுக்குத் தெரியுமா? 7,00,000-க்குக் கீழே என்றால் விலை வேறு!

அமெரிக்காவில் பழைய துப்பாக்கி சேகரிப்பவர்கள், வின்செஸ்டர் மாடல் 70 வேட்டை ரைஃபிளைக் கையில் எடுத்ததும் முதலில் தேடுவது வரிசை எண்ணைத்தான். அது ஏறத்தாழ 7,00,000-க்குக் கீழே இருந்தால் விலை ஒரு படி ஏறிவிடும்.

காரணம் 1964. 1936-இல் தயாரிப்பு தொடங்கிய இந்த ரைஃபிளின் செலவைக் குறைப்பதற்காக, 1964-இல் வின்செஸ்டர் நிறுவனம் வடிவமைப்பையே மாற்றியது. தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் நீண்ட எஃகுக் கொக்கி போனது. மரக்கட்டையில் வெட்டிச் செதுக்கிய கட்டக்கோடுகளுக்குப் பதில் அழுத்திப் பதித்த அச்சு வந்தது. வேட்டைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். மாற்றத்துக்கு முன் வந்த, 7,00,000-க்குக் குறைந்த எண்ணுள்ள பழையதற்கு மவுசு கூடியது.

எண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. குழாயில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால், யாரோ தேய்த்து மெருகேற்றி மறுபடி நீலப் பூச்சு ஏற்றியிருக்கலாம். பார்வைக்குப் புதுசு, மதிப்பிலோ பெரிய சரிவு. பின்னாளில் போட்ட துளைகளும் வெட்டிக் குறைத்த கட்டையும் அதேபோல மதிப்பைக் குறைக்கும். இயல்பாகத் தேய்ந்த அசல் மேற்பூச்சுக்கே சேகரிப்பாளர்கள் கூடுதல் பணம் தருகிறார்கள், அது நியாயமும்கூட.

விற்பவர் கேட்கும் தொகையை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அதே வகை, அதே நிலையில் உள்ள ரைஃபிள் ஏலத்தில் கடைசியாக என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள்.