விற்க முடியாத பாதி

'பாசமலர்' படத்தில் டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய அந்தத் தாலாட்டைக் கேட்காத தமிழர் அரிது. படம் வந்தது 1961-இல். வரிகள் கண்ணதாசன், இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. நமக்கு அது ஒரே பாட்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்துக்கோ மூன்று தனித்தனிச் சொத்து, மூன்றுக்கும் மூன்று ஆயுள்.

அந்த ஆண்டு வெளியான இசைத்தட்டில் பதிந்த ஒலிக்கு, வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு பாதுகாப்பு. அது 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வரிகளுக்கு, எழுதியவர் மறைந்தபின் 60 ஆண்டு. கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். ஆகவே 2041 முடியும்வரை அந்த வரிகளுக்கு உரிமையாளர் உண்டு. மெட்டை இருவர் சேர்ந்து அமைத்தார்கள். கூட்டுப் படைப்பில், கடைசியாக மறைந்தவரை வைத்துத்தான் கணக்கு. ராமமூர்த்தி 2013-இல் போனார், விஸ்வநாதன் 2015-இல். எனவே மெட்டின் காலம் 2075 வரை ஓடுகிறது. ஒலிப்பதிவின் காலம் முடிந்துவிட்டதே என்று யாரேனும் அந்த இசைத்தட்டைப் பிரதியெடுத்து விற்கக் கிளம்பினால், உள்ளே இருக்கும் வரியும் மெட்டும் குறுக்கே வந்து நிற்கும்.

(இந்த 60 என்ற எண்ணுக்கும் ஒரு பின்னணி உண்டு. முன்பு அது 50. தாகூர் மறைந்தது 1941-இல். 1991 முடிவில் அவருடைய படைப்புகள் எல்லோருக்கும் பொதுவாகிவிடும் என்ற நிலை வந்தபோதுதான் சட்டத்தைத் திருத்திப் பத்து ஆண்டு கூட்டினார்கள்.)

வரி வேறு, மெட்டு வேறு என்பது கர்நாடக இசை கேட்பவர்களுக்குப் புதிய செய்தி இல்லை. முத்துசுவாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பாடுகிறார்கள். அவற்றில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீதத்தின் மெட்டு. மெட்டு ஒரு நாட்டுக்காரருடையது, சொல் இன்னொரு நாட்டுக்காரருடையது. சட்டமும் இப்படித்தான் பிரிக்கிறது: இசைப்படைப்பு என்றால் இசை மட்டும், அதோடு பாடப்படும் சொற்கள் அதில் சேரா.

மூன்றாவது சொத்தான ஒலிப்பதிவு, பணம் போட்டுப் பதிவு செய்த தயாரிப்பாளருடையது. அதே வரியை, அதே மெட்டில் நாளை இன்னொருவர் புதிதாகப் பாடிப் பதிந்தால் புதிதாக ஒரு ஒலிப்பதிவு பிறக்கிறது. வரியும் மெட்டும் பழைய உரிமையாளரிடமே இருக்கும். முதல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு கடந்தபின், சட்டம் சொல்லும் ராயல்டியை முன்கூட்டியே செலுத்தி இப்படி ஒரு 'கவர்' பதிவு செய்யவும் வழி இருக்கிறது.

இசைப்படைப்பு எது என்பதில் நம் சட்டம் நெடுநாள் இடறியிருக்கிறது. 1957-இல் இயற்றிய சட்டம், அச்சிட்டோ எழுதியோ வரைந்தோ வைத்த மெட்டைத்தான் இசைப்படைப்பாக ஏற்றது. மேற்கத்திய இசைக்கு அது பொருந்தும். அங்கே தாளில்தான் இசை பிறக்கிறது. குரு பாடச் சீடர் கேட்டு வளர்ந்த மரபுக்கு அந்தச் சட்டை பொருந்தவில்லை. ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்து, வாயால் முனகிப் பார்த்துப் பல்லவி பிடிக்கும் சினிமா கம்போசிங்குக்கும்தான். 1994-இல் திருத்தம் வந்து, 1995 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிறகே, நொட்டேஷன் எழுதினாலும் எழுதாவிட்டாலும் மெட்டமைத்தவர் இசையமைப்பாளர்தான் என்று சட்டம் தெளிவாகச் சொன்னது. அதற்கு முன்பே நம் திரையிசையின் பொற்காலம் வந்து போய்விட்டது என்பதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

சரி, சொத்து இருக்கிறது. பணம் எப்படி வருகிறது? வீட்டு வாடகை போல மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் போய் வாங்க முடியாது. ஒரு பாட்டு ஒரே நேரத்தில் ஆயிரம் ஊர்களில் ஒலிக்கிறது. இந்தச் சிக்கலுக்கு விடை பிறந்தது 1847-இல், பாரிஸ் நகரத்து ஒரு காஃபேயில். எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் அங்கே நண்பர்களோடு உட்கார்ந்திருந்தார். மேடையில் அவர்கள் படைத்த பாட்டுகளையே பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டுக்கு நீங்கள் காசு தரவில்லை, உங்கள் பானத்துக்கு நாங்கள் ஏன் தரவேண்டும் என்று எழுந்தார் பூர்ஷே. விஷயம் நீதிமன்றம் போய், தீர்ப்பு படைப்பாளிகள் பக்கம் வந்தது. ஆனால் நாட்டில் உள்ள எல்லாக் காஃபேயிலும் போய் ஒருவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க முடியாதே! அதனால் 1851-இல் சாசெம் என்ற சங்கம் பிறந்தது. படைப்பாளிகள் தங்கள் உரிமையைச் சங்கத்திடம் ஒப்படைப்பார்கள். பாட்டு ஒலிக்கும் இடங்களில் சங்கம் மொத்தமாக உரிமம் கொடுத்துப் பணம் வசூலித்து, எந்தப் பாட்டு எவ்வளவு ஒலித்தது என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். உலகம் முழுவதும் இசைத்தொழில் இன்றுவரை இந்த ஏற்பாட்டில்தான் ஓடுகிறது.

கல்யாண வீட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம். மதச் சடங்கிலும், திருமண ஊர்வலத்திலும், திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது மீறல் ஆகாது என்று நம் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதை நினைவூட்டி அறிவிப்பும் வெளியிட்டது.

இந்தியாவில், சாசெம் செய்யும் அதே வேலைக்காக ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-இல் அமைந்தது. கட்டண அட்டவணையை வெளியிட்டதுமே படத்தயாரிப்பாளர்களும் திரையரங்குக்காரர்களும் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1977-இல் வந்த தீர்ப்பு இசையமைப்பாளர்களையும் பாடலாசிரியர்களையும் பல பத்தாண்டு அழுத்தியது. தயாரிப்பாளர் கூலி கொடுத்துப் படத்துக்காக உருவாக்கச் சொன்ன இசைக்கு, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை, தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது அது.

அந்தத் தீர்ப்பின் கடைசியில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். தீர்ப்போடு உடன்பட்டவர்தான், ஆனால் மனம் ஆறவில்லை. தாளில் இருக்கும் மெட்டுக்கு உரிமை உண்டு, அதற்கு உயிர் கொடுக்கும் குரலுக்கு ஒன்றுமே இல்லையே என்பது அவர் ஆதங்கம். நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நீதிமன்ற ஏடுகளில் இசைக்கலைஞருக்காக இவ்வளவு பரிவோடு எழுதிய இன்னொரு பக்கத்தை நான் படித்ததில்லை. நிகழ்த்துபவருக்கென்று ஓர் உரிமை, மேலே சொன்ன அதே 1994 திருத்தத்தில்தான் வந்தது.

1977-இன் விளைவு காகிதத்தில் எப்படித் தெரிந்தது என்று பார்க்கலாம். முதல் பட வாய்ப்புக்காக அலைந்து ஓய்ந்த ஓர் இளைஞர். எதிரே முத்திரைத்தாள். உலகம் முழுவதும், எல்லாக் காலத்துக்கும், இன்று இருக்கிற, இனி வரப்போகிற எல்லா ஊடகங்களுக்கும் என் உரிமைகளை இந்தத் தொகைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று அதில் தட்டச்சிட்டிருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் வாசலில் இன்னொருவர் காத்திருப்பார். 'இனி வரப்போகிற' என்ற ஒரு சொற்றொடரின் வழியே கேசட் போயிற்று, சி.டி. போயிற்று, ரிங்டோன் போயிற்று. கையெழுத்திட்ட நாளில் இவற்றில் பலவற்றுக்குப் பெயர்கூட இல்லை.

ஊடகவாரியாக உரிமையைப் பிரித்து விற்க முடியும் என்பது நம் ஊருக்குப் பழைய பாடம். பாரதியார் பாட்டுகளை அச்சிடும் உரிமை ஓரிடத்தில் இருந்தபோது, இசைத்தட்டிலும் படத்திலும் பாட வைக்கும் உரிமை இன்னோரிடத்தில் இருந்தது. அந்த இரண்டாவது உரிமை ஏவி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாள் பாரதியைப் பாடியது அந்த உரிமையின் பலத்தில்தான். ஒரு மகாகவியின் சொல்லைப் பாட ஒருவரின் அனுமதி வேண்டுமா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் இயக்கமாகத் திரண்டார்கள். மெய்யப்பன் தம்மிடம் இருந்ததை விட்டுக்கொடுத்தார். 1949-இல் ஓமந்தூரார் அரசு பாரதியின் உரிமைகளைக் கையகப்படுத்தியது, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. ஒரு கவிஞரின் பதிப்புரிமையை அரசே ஏற்றுக்கொண்ட அருமையான நிகழ்ச்சி அது.

2012-இல் வந்த திருத்தம் அந்த இளைஞரின் முத்திரைத்தாளுக்கு நேராகவே பதில் சொல்கிறது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் அப்போது மாநிலங்களவை நியமன உறுப்பினர். இந்தத் திருத்தத்துக்காக ஓயாமல் வாதாடியவர்களில் முன்னணியில் நின்றார். கையெழுத்திடும் நாளில் புழக்கத்திலேயே இல்லாத ஊடகத்துக்கான உரிமை, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், கைமாறாது என்றது திருத்தம். அதைவிடப் பெரிய வியப்பு அடுத்த விதி. படத்துக்கு வரி எழுதியவரும் மெட்டமைத்தவரும் உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும், ராயல்டியில் சமபங்கு பெறுவதை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. விட்டுக்கொடுப்பதாக அவரே மனமொப்பி எழுதித் தந்தாலும் அந்த எழுத்து செல்லாது. வாரிசுக்குத் தரலாம், பதிப்புரிமைச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். வேறு யாருக்கும் முடியாது. திரையரங்கில் படத்தோடு சேர்ந்து ஒலிப்பது மட்டும் இந்தப் பங்குக்கு வெளியே. வானொலி, தொலைக்காட்சி, செல்போன் செயலி, ஓட்டல், விழா மேடை எல்லாம் உள்ளே.

பொதுவாகச் சட்டம் ஒருவர் போட்ட கையெழுத்தைக் காப்பாற்றும். இங்கே ஒருவரை அவருடைய கையெழுத்திடமிருந்தே காப்பாற்றுகிறது. ஒடுக்கப்பட்டோருக்கு அரசு வழங்கிய பஞ்சமி நிலத்துக்கும் செய்தது இதைத்தான்: ஏழையின் அவசரத்தைப் பயன்படுத்தி வாங்கிக்கொள்வார்கள் என்று தெரிந்தே, மற்றவருக்கு விற்றாலும் செல்லாது என்று நிபந்தனை போட்டார்கள். பேரம் பேசும் வலு இல்லாத இடத்தில் ஒப்பந்தச் சுதந்திரம் என்று பேசுவது வலுத்தவனின் சுதந்திரமாகத்தான் முடியும். இந்த விதியை இந்தியா இயற்றிய நல்ல சட்டங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

சட்டத்தில் எழுதியதும் பணம் வந்துவிடவில்லை. ஐ.பி.ஆர்.எஸ். புதிய சட்டத்தின் கீழ் மீண்டும் பதிவு பெற்றதே 2017-இல்தான். ஒலிப்பதிவை வானொலியில் போடும்போது உள்ளிருக்கும் வரிக்கும் மெட்டுக்கும் தனியாக ராயல்டி உண்டா என்ற சண்டை அதன் பிறகும் நீண்டது. 2023 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், உண்டு என்று சொன்னது.

2017-இல் இளையராஜா, தம் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடக் கூடாது என்று எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் அனுப்பியபோது தமிழ்நாடே இரண்டாகப் பிரிந்து பேசியது. தான் பாடிய பாட்டைத் தானே மேடையில் பாடக் கூடாதா என்று கேட்டவர்களின் வருத்தம் எனக்கும் புரிந்தது. எந்தப் பாட்டின் உரிமை யாரிடம் என்பது நீதிமன்றங்கள் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால் கேள்வியின் அமைப்பைப் புரிந்துகொள்ளலாம். மேடையில் புதிதாகப் பாடும்போது பழைய ஒலிப்பதிவு அங்கே இல்லை. வரியும் மெட்டும் இருக்கின்றன. அவை பாடகருடையவை அல்ல. டிக்கெட் விற்று நடக்கும் கச்சேரியில் அவற்றுக்கான உரிமத்தை நிகழ்ச்சி அமைப்பாளர் முன்கூட்டியே வாங்குவதுதான் உலக வழக்கம். அந்த ஒரு வேலை ஒழுங்காக நடந்தால் கலைஞரும் கலைஞரும் முகம் பார்த்துச் சங்கடப்பட வேண்டியதே இல்லை.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பெயர். தியாகராஜர் தம் பெயரையும், தீட்சிதர் 'குருகுஹ' என்ற முத்திரையையும் சாகித்தியத்துக்குள்ளேயே வைத்தார்கள். பாட்டு எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாடி முடித்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். தட்டு அச்சாவது ஜெர்மனியில்; அங்கே இருப்பவர்களுக்கு லேபிளில் யார் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டுமே. இன்று அந்த வேலையை எண்கள் செய்கின்றன. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 இட அடையாளம்; உள்ளிருக்கும் வரி–மெட்டுக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்று தனியாக இன்னொன்று. ஒரே மெட்டைப் பத்துப் பேர் பத்து விதமாகப் பதிந்தால் முதலாவது வகை எண் பத்து இருக்கும், இரண்டாவது ஒன்றுதான்.

இந்த இரட்டைக் கணக்குதான் சொந்தமாகப் பாட்டுப் போடும் இன்றைய இளைஞர்களுக்குப் பிடிபடாமல் நழுவுகிறது. வீட்டு அறையில் பதிந்து, ஒரு விநியோக நிறுவனத்தின் வழியே செயலிகளில் ஏற்றுகிறார்கள். அந்த நிறுவனம் அனுப்பும் பணம் ஒலிப்பதிவுக்கானது. எழுதியவர், மெட்டமைத்தவர் என்ற வகையில் சேரும் பணம் வேறு வாய்க்காலில், சங்கத்தின் வழியே வருகிறது. உறுப்பினராகிப் பாட்டைப் பதிவு செய்தவருக்கே அது வந்து சேரும். மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு பாட்டைப் போட்டால், வரியில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டுக்கொள்ள வேண்டும், அதுவும் பாட்டு வெளியாகும் முன்பே. பாடுவது மட்டும் செய்பவருக்கு, 2013-இல் பதிவான பாடகர் உரிமைச் சங்கம் இருக்கிறது; அதற்குத் தனி விண்ணப்பம்.