ஹாமும் ஹீட் ட்ரீட்மெண்ட்டும்!



"மெக்கானிக்கல்காரனுக்குச் சமையலறையில் என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. என் அறைத்தோழன் கேட்டரிங் டெக்னாலஜி மாணவன். அவனுடைய ரெக்கார்டு நோட்டில் 'கிளேஸ்டு ஹாம்' என்ற பக்கத்தைப் படித்தபோது எனக்கு நம் ஒர்க்‌ஷாப் பர்னஸ்தான் ஞாபகம் வந்தது. அசைவம் சாப்பிடாத நண்பர்கள் இதை வெறும் வெப்பவியல் பாடமாகப் படித்துக்கொள்ளலாம்!

பன்றியின் பின்தொடையை உப்பில் பதப்படுத்தியதுதான் ஹாம். அமெரிக்காவில் ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் பல வீடுகளில் இதை முழுசாக ஓவனில் வைத்து, மேலே இனிப்புப் பூச்சு பூசிப் பரிமாறுவார்கள். அந்தப் பூச்சுதான் கிளேஸ்.

பதப்படுத்தும்போது உப்போடு சோடியம் நைட்ரைட்டும் சேர்ப்பார்கள். உயிருக்கே உலை வைக்கும் பாட்டுலிசம் கிருமி வளராமல் அது தடுக்கிறது. கூடவே இறைச்சியிலுள்ள மயோகுளோபினோடு வினைபுரிந்து, வெந்த பிறகும் மாறாத ரோஸ் நிறத்தைத் தருகிறது. இங்கேதான் சிக்கல்! வெந்த ஹாமும் ரோஸ், வேகாத ஹாமும் ரோஸ். வெட்டிப் பார்த்து நிறத்தை வைத்து முடிவு சொன்னால், சாப்பிடுபவர் வயிறுதான் பாடுபடும்.

சரி, நேரத்தைக் கணக்குப் போட்டால்? ஏற்கெனவே வேகவைத்து விற்கும் 5 கிலோ ஹாமை எலும்போடு முழுசாக 163 டிகிரி செல்சியஸ் ஓவனில் சூடாக்க ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். ஆனால் இது உத்தேசம்தான். இறைச்சியின் வெப்பக் கடத்துதிறன் இரும்பில் சுமார் நூறில் ஒரு பங்கு. இரும்புத் துண்டுக்கே அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் 'சோக்கிங்' கொடுக்கிறோமே, இதற்குக் கேட்க வேண்டுமா? "அவசரம்டா, 250-ல வை" என்றால் வெளியே காய்ந்து கருகும்; நடுவே ஜில்லென்று இருக்கும்.

ஆகவே நம்ப வேண்டியது வெப்பமானியை மட்டுமே. அதை எலும்பில் படாமல், சதை மிகவும் கனமான இடத்தில் குத்த வேண்டும். வேகவைத்து ஆலையிலேயே பாக்கெட் செய்த ஹாம் என்றால் 60 டிகிரி போதும். பச்சை ஹாம் என்றால் 63 டிகிரி வந்தபின் வெளியே எடுத்து, 3 நிமிடமாவது அப்படியே வைத்த பிறகே வெட்டலாம். எந்த வகை என்பது லேபிளில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்!

இனி செய்முறை. தோலை நீக்கி, கொழுப்பின் மேல் கத்தியால் டைமண்ட் கட்டங்களாக லேசாகக் கீறி, கட்டத்துக்கொரு கிராம்பு குத்துங்கள். ட்ரேயில் ஒரு கப் தண்ணீர் ஊற்றி, அலுமினியத் தாளால் மூடி ஓவனில் வையுங்கள். பழுப்புச் சர்க்கரை ஒரு கப், அரைத்த கடுகு விழுது 2 டேபிள்ஸ்பூன், அன்னாசிச் சாறு கால் கப் ஆகியவற்றைக் கொதிக்கவைத்தால் கிளேஸ் ரெடி. இதை முதலிலேயே பூசிவிடாதீர்கள். சர்க்கரை 160 டிகிரி வாக்கில் கருக ஆரம்பிக்கும். 3 மணி நேரம் தாங்காது. கடைசி 20, 30 நிமிடத்தில் தாளை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று முறை பூசினால் பளபளவென்று கண்ணாடி போல் வரும்.

மீதியை 2 மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்துவிட வேண்டும்.

நாளைக்கு ஹோட்டலிலோ கப்பலிலோ கிச்சன் வேலைக்குப் போகப்போகும் கேட்டரிங் நண்பா, உன் தட்டை நம்பிச் சாப்பிடுபவர்களில் குழந்தையும் இருக்கும், கர்ப்பிணியும் இருப்பார். பர்னஸ் முன்னால் நிற்கப்போகும் மெக்கானிக்கல் நண்பா, உனக்கும் அதே பாடம்தான். மேல் பளபளப்பைப் பார்த்து 'ஓகே' போடாதே. உள்ளே எத்தனை டிகிரி என்று அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் கையெழுத்துப் போடு!