பட்டா, முட்டை, லாரி: எது எண், எது எழுத்து?

புல எண் 12, உட்பிரிவு 3. இதை 12/3 என்று எக்ஸெலில் தட்டி என்டர் கொடுத்துப் பாருங்கள். கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து, மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ வந்து நிற்கும். நிலம் போய்த் தேதி வந்துவிடும். மரபணு ஆய்வாளர்களும் இந்தத் தொல்லையிலிருந்து தப்பவில்லை. மார்ச்1, செப்ட்1 என்ற பெயர் கொண்ட மரபணுக்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், அந்தப் பெயர்களையே மாற்ற வழிசெய்யும் விதிமுறைகள் 2020-இல் வெளியாயின.

கட்டத்துக்குள் வருவது என்ன வகை என்று யாரும் சொல்லாததால் கணினி தானாக ஊகித்துக்கொண்டதுதான் இங்கே கோளாறு. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள் போன்ற தரவுத்தளங்கள் பொதுவாக இப்படி ஊகிப்பதில்லை. அட்டவணையை உருவாக்கும்போதே ஒவ்வொரு நிரலுக்கும் (நெடுவரிசைக்கும்) முழு எண்ணா, தசம எண்ணா, எழுத்தா, தேதியா என்று அறிவித்துவிட வேண்டும். எத்தனை பைட் இடம் ஒதுக்குவது, எப்படி வரிசைப்படுத்துவது, எதை உள்ளே விடாமல் தடுப்பது என்பதெல்லாம் அந்த அறிவிப்பைப் பொறுத்ததுதான்.

சேலம், நாமக்கல் பக்கம் நிலம், முட்டை, லாரி மூன்றின் கணக்கும் கணினிக்கு மாறிவிட்டது. வகை பிரிக்கும் புத்தி இந்தத் தொழில்களின் தாள் கணக்கிலேயே இருந்தது. மென்பொருள் எழுதுகிறவர் அதைக் கவனிக்காமல் விடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பட்டாவின் இரண்டு நிரல்கள்

பட்டாவில் புல எண் ஒரு நிரல், உட்பிரிவு இன்னொரு நிரல். இரண்டையும் ஒட்டி எழுத்து வகையில் சேமித்தால், வரிசைப்படுத்தும்போது 1-க்கு அடுத்து 10 வரும், 2 அதற்குப் பின்னால் போய்விடும். தசம எண்ணாக்கி 12.1, 12.10 என்று வைத்தால் இரண்டு உட்பிரிவுகள் ஒன்றாகிவிடும். புல எண்ணை முழு எண்ணாகவும், 2ஏ1 போன்ற உட்பிரிவை எழுத்தாகவும் தனித்தனியே வைத்தால் புல எண்களின் வரிசை குழம்பாது, உட்பிரிவுகளும் ஒன்றாகாது. பட்டாத் தாள் செய்வதும் அதைத்தான்.

பரப்பை எழுதும் முறையையும் பார்க்க வேண்டும். ‘ஹெக் - ஏர்’ தலைப்பின்கீழ் 0 - 4.50 என்று இருந்தால், ஹெக்டேர் எதுவும் இல்லை, நாலரை ஏர் என்று பொருள். கிட்டத்தட்ட 11 சென்ட். நடுவிலிருக்கும் கோட்டைப் புள்ளி என்று நினைத்து 0.45 ஹெக்டேர் என்று பதிந்துவிட்டால் அது 45 ஏர், அதாவது 111 சென்ட். தரவுத்தளம் இதை மறுக்காது, ஏனென்றால் 0.45 சரியான தசம எண்தான். அதனால் நிரலின் பெயரிலேயே ‘பரப்பு_ஏர்’ என்று அலகையும் சேர்த்து எழுதுவது நல்லது.

காசுக் கணக்கே சரியான கணக்கு

நாமக்கல் மண்டலத்துக்குத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை, செய்திகளில் காசுக் கணக்கில் வருவதுண்டு. 545 காசு என்று வைத்துக்கொள்வோம். இதை 5.45 ரூபாய் என்று ஃப்ளோட் எனும் மிதவைப் புள்ளி வகையில் சேமித்தால் கணினியால் துல்லியமாக எழுத முடியாது. இரண்டே இலக்கங்களில் எண்ணும் அதற்கு, நமக்கு மூன்றில் ஒரு பங்கு 0.333 என்று நீள்வதைப்போல, பத்தில் ஒரு பங்கே முடிவில்லாமல் நீளும். அதனால்தான் ஃப்ளோட்டில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. ஒரு பில்லில் இது கண்ணில் படாது. ஆயிரக்கணக்கான பில்களைக் கூட்டி, வங்கியில் வந்த தொகையோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டால், “இல்லை” என்று பதில் வரலாம்.

இதற்கு வழி இரண்டு. டெசிமல் வகையில், புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் என்று அறிவிக்கலாம். இல்லையென்றால் முட்டை வியாபாரத்தைப்போலக் காசிலேயே முழு எண்ணாக வைக்கலாம். 545 காசுக்கு ஒரு லட்சம் முட்டை 5,45,00,000 காசு, அதாவது 5,45,000 ரூபாய். பிசிறு எதுவும் வராது.

ஒரு நாள் விலையைப் பதியத் தவறினால் அந்தக் கட்டத்தில் 0 போடக்கூடாது. 540, 0, 550 என்று இருந்தால் சராசரி 363 ஆகிவிடும். தெரியாது என்பதைக் குறிக்க ‘நல்’ என்ற தனி அடையாளம் இருக்கிறது. அதை வைத்தால் தரவுத்தளம் அந்த நாளை விட்டுவிட்டு 545 என்று சரியான சராசரியைச் சொல்லும்.

எல்லா டிரைவருக்கும் ஒரே போன் நம்பர்

லாரி டிரைவர்களின் கைபேசி எண்ணை நான்கு பைட் முழு எண்ணாக வைத்தால் சிக்கல்தான். அந்த வகையின் உச்ச வரம்பு 2,14,74,83,647. இந்தியாவின் பத்து இலக்கக் கைபேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்குகின்றன. அப்படியென்றால் மிகச் சிறியதே 600 கோடி. எந்தக் கைபேசி எண்ணும் அந்த வரம்புக்குள் அடங்காது. மைஎஸ்கியூஎல்லின் பழைய பதிப்புகள் பிழை என்று நிறுத்தாமல், எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு உச்ச வரம்பையே எழுதிவைத்துவிடும். பட்டியலைத் திறந்தால் எல்லா டிரைவருக்கும் 2147483647 என்ற ஒரே எண் இருக்கும்.

எட்டு பைட் எண்ணாக்கினால் கைபேசி எண் அடங்கிவிடும். ஆனால் நாமக்கல்லின் எஸ்டிடி குறியீடான 04286, முழு எண் நிரலில் 4286 ஆகிவிடும். இரண்டு போன் எண்களை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை, டிஎன் 28 என்று தொடங்கும் வண்டி எண்களுக்குச் சராசரி எடுப்பதுமில்லை. கூட்டவோ பெருக்கவோ தேவையில்லாத இலக்கங்கள் எழுத்து வகையில் இருக்க வேண்டியவை.

நேரத்துக்கும் தனி வகை உண்டு. ஜூன் 5 அதிகாலை 3 மணிக்கு நாமக்கல்லிலிருந்து லாரி கிளம்புகிறது. சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடினால், அங்கே பதிவாவது ஜூன் 4 இரவு 9.30. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதை மறந்து தேதியை மட்டும் வெட்டி எடுத்தால், ஜூன் 5-இன் லோடு முந்தைய நாள் கணக்கில் விழும். நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்ளும் வகையைத் தேர்ந்து, அறிக்கை எடுக்கும்போது இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ் கேட்கும் இடம்

எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து, புள்ளி, துணைக்குறி ஒவ்வொன்றும் தனிக் குறியாக நின்று மூன்று பைட் எடுக்கும். ‘சேலம்’ மூன்றெழுத்து, ஐந்து குறி, 15 பைட். ‘நாமக்கல்’ ஐந்தெழுத்து, எட்டு குறி, 24 பைட். ஆரக்கிளில் வேறெதுவும் குறிப்பிடாமல் நீளம் 20 என்று அறிவித்தால் அது பைட் கணக்கு. சேலம் உள்ளே போகும், நாமக்கல் பிழை காட்டி வெளியே நிற்கும். மைஎஸ்கியூஎல்லும் போஸ்ட்கிரெஸும் குறிகளை எண்ணுவதால் இரண்டு ஊரும் அடங்கும்.

இந்தத் தவறுகளில் சிலவற்றைப் பின்னால் திருத்தலாம். 4286-க்கு முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எண்ணாகப் பதிந்தால், எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் காத்து, கடைசி இலக்கத்தை 0 ஆக்கிவிடும். பிறகு நிரலின் வகையை மாற்றினாலும் பழைய இலக்கம் திரும்பாது, பாஸ்புக்கைக் கேட்டு வாங்க வேண்டியதுதான். எனவே அட்டவணை போடுவதற்கு முன்பே, பேரேடு எழுதுகிறவரிடம் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: இதைக் கூட்டுவீர்களா, எந்த அலகில் எழுதுவீர்கள், தெரியாவிட்டால் என்ன போடுவீர்கள்? வகையைத் தேர்வுசெய்யத் தேவையான பதில் பெரும்பாலும் அவரிடமே இருக்கும்.